ராயபுரத்தில் கொதித்த பெட்ரோல்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மகளின் வளைகாப்புப் பந்தலில், கன்னத்தில் சந்தனமும் கையில் புளியோதரையுமாக உட்கார்ந்துகொண்டு, "என் வண்டி எங்கேயும் நிக்காதுங்க" என்று நாற்பது பேர் காதில் விழும்படி சொன்னவன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்று காலை ராயபுரத்துக்குள் நுழைந்ததிலிருந்து மூன்று முறை நின்றுபோன வண்டியைப் பற்றித்தான் அப்படிச் சொன்னேன். எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், மூன்றாவது முறை என் வண்டியைத் தள்ளிவிட்டவர், அப்பளத்தை நொறுக்கியபடி தலையாட்டினார்.

"மெய்தான். பின்னால ஆளு தள்ளிகினே இருந்தா நிக்காது."

பந்தல் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

எனக்கு ஏற்காட்டில் காபித்தூள் கடை. வண்டி ஒரு பழைய பத்மினி கார். அதற்கு வயது முப்பத்தெட்டு, எனக்கு அறுபத்தொன்று. மலை ஏறும்போது இருவருக்கும் மூச்சு வாங்கும், ஆனால் ஊரில் ஒருநாளும் நின்றதில்லை. ஒரே மகள் ரேவதியை ராயபுரத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துப்போக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

என் மனைவி வளைகாப்புக்கு ரயிலில் வந்து, அன்று மாலையே ரயிலில் திரும்பிவிட்டாள். "இரு, வியாழக்கிழமை எல்லாரும் வண்டியிலேயே போகலாம்" என்றேன். "யாராவது ஒருத்தராவது வீடு போய்ச் சேரணும்" என்றாள்.

ரேவதியையும் ரயிலில் அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சேலத்தில் இறங்கியபின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மூடிய ஏசி காரில் ஏறினால் என் மகளுக்குப் பத்தாவது கிலோமீட்டரில் வாந்தி வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. பத்மினியின் முன்கதவில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவைத்து, முகத்தில் நேராகக் காற்று படும்படி உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் செய்யாது. டாக்டரும், மணிக்கு ஒருமுறை நிறுத்தி நடக்கவைத்தால் காரிலேயே போகலாம், ஆனால் இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாகக் காலண்டரில் போட்டிருந்தது. ராயபுரத்து வெயிலுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சம்பந்தியம்மா காசிமேட்டிலிருந்து திரும்பினார். தனம்மா என்றால் மீன்பிடித் துறைமுகத்தில் தெரியாதவர்கள் கிடையாது. விடியலில் மீன் ஏலம் விடுகிறவர். ஏலத்தில் அவர் குரல் உயர்ந்தால் கடற்காக்கைகள் நகர்ந்து உட்காரும் என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னார். மாப்பிள்ளை பொய் சொல்கிறவர் அல்ல. வந்தவர் கூடையை இறக்கினார், முகம் கழுவினார், என் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வண்டி மூணு தபா நின்னுதாமே."

"அது வந்துங்க சம்பந்தியம்மா, டிராபிக்ல கொஞ்சம் சூடாயிடுச்சு. ஊர்ல இந்தப் பிரச்சினையே கிடையாது."

"ஊருக்குப் போற வழியில கீதே பிரச்சன. ஏழு மாசத்துப் புள்ளத்தாச்சிய நடுரோட்ல எறக்கிவுட்டா, யாரு தள்றது? அவளா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. பத்மினிக்கும் எனக்கும் ஒரே வியாதி.

தனம்மா தீர்ப்பைச் சொன்னார். "பொதங்கெழம உச்சி வெயில்ல இங்கேந்து எண்ணூர் முகத்துவாரம் போய்ட்டு திரும்பி வரணும். நானும் குந்திகினு வருவேன். வண்டி நிக்காம வந்துச்சின்னா வியாழக்கெழம பொண்ணக் கூட்டிகினு போங்க. நின்னுச்சி, பிரசவம் இங்கதான். வெள்ளிக்கெழம நாங்க அனுப்ப மாட்டோம், அதுக்கு மேல டாக்டரு வுட மாட்டாரு."

ரேவதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. மின்விசிறிக்கு அடியிலேயே நின்றும் கழுத்தெல்லாம் வியர்வை. மாமியார் உள்ளே போனதும் என் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். "எப்படியாவது சரி பண்ணுப்பா. எனக்கு அம்மாகிட்ட போகணும்."

அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன். இந்த வண்டி எண்ணூர் போய் வந்தே தீரும்.

முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டேன். பெட்ரோல் டாங்க் பின்னால் இருக்கிறது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்பு, அங்கிருந்து நீளமான குழாய் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்கு அனுப்ப வேண்டும். நடுவில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் வடிகட்டி. இருபது நிமிஷம் கழித்து அதற்குள் குமிழிகள் ஓடத் தொடங்கின. சோடா பாட்டிலைப் பார்ப்பதுபோல் இருந்தது. பெட்ரோல் பம்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகிக்கொண்டிருந்தது. திரவத்தை இழுக்கத் தெரிந்த பம்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. கார்புரேட்டர் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க, வருவதெல்லாம் குமிழி. எஞ்சின் இரண்டுமுறை இருமி நின்றது.

பெட்ரோல் பங்க்கில் விசாரித்தேன். பெட்ரோல் போடுகிறவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "இப்பல்லாம் எத்தனால் கலந்து வருது சார். பழைய வண்டிங்களுக்கு ஒத்துக்காது. வெயில்ல கொஞ்சம் பேஜார் பண்ணும்."

சரி, குளிரவைப்போம். ஒரு பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துப் பம்பைச் சுற்றிக் கட்டினேன். ஒரு வாட்டர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கல்மண்டபம் பக்கம் கிளம்பினேன். கன்டெய்னர் லாரி ஒன்று ஒடித்துத் திரும்ப முடியாமல் சாலையை மறித்துக்கொண்டு நின்றது. ஏற்காட்டில் போக்குவரத்து நெரிசல் என்றால் இரண்டு குரங்குகளும் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸும். இங்கே என் முன்னால் நின்ற லாரியின் டயர் ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறங்கி, பானெட்டைத் தூக்கி, பம்புக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி உள்ளே உட்கார்ந்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நைனா, கார் வச்சிகீறியா, கீர வெதச்சிகீறியா?"

தண்ணீர் தீர்ந்ததும் வண்டி நின்றது. அதே ஆட்டோக்காரர்தான் தள்ளினார்.

மாலையில் ரேவதிக்காக அத்தோ வாங்கப் போனேன். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கடைக்காரர் வெறும் கையால் பிசைகிறார். கூடவே வாழைத்தண்டு சூப். கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே நான் என் கவலையைச் சொல்ல, அவர் பிசைவதை நிறுத்தாமல், "சூடா இருந்தா ஐஸ் போடுங்க" என்றார். அவருக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அது அருள்வாக்கு. ராயபுரத்தில் ஐஸுக்கா பஞ்சம்? தனம்மா வீட்டுப் பின்கட்டில் தெர்மாகோல் மீன்பெட்டிகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வஞ்சிரம் பெங்களூர் வரைக்கும் கெடாமல் போகிற பெட்டி. ஒரு கைப்பிடி அளவுப் பெட்ரோல் பம்பைக் காப்பாற்றாதா?

செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பெட்டி மூடியை அரிவாள்மணையில் அறுத்துச் செதுக்கினேன். பம்பைச் சுற்றித் தெர்மாகோல் சட்டை போட்டு, இடையில் ஐஸ் துண்டுகளைச் செருகி, கயிறு கட்டினேன். பார்க்கத் திருப்தியாக இருந்தது. எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, வெற்றி பெற்றவனுக்கு உரிய நிதானத்தோடு காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது என் தெர்மாகோல் சட்டையைக் காணோம். பம்பின்மேல் வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ வழிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் வாடை தெருமுனை வரை அடித்தது. தனம்மா சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, ரேவதியைக் கையைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போனார். நான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

பின்னால் ஒரு குரல். "இன்னா நைனா, பாயசம் காச்சறியா?"

பந்தலில் அப்பளம் நொறுக்கியவர். பெயர் தேசப்பன். தனம்மாவின் தம்பி மகன், நாற்பது வயதிருக்கும், காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவர். தனம்மா போன் போட்டு வரச்சொல்லியிருக்கிறார். என் வண்டிக்காக இல்லை, தன் வீட்டுக்காக.

"தெர்மாகோல் பெட்ரோல்ல கரையும். தெரியாதா?"

"இப்பத் தெரியுது."

அவர் விரலால் ஒரு ரப்பர் குழாயைத் தொட்டார். ஊறிப்போன பயறு மாதிரி உப்பியிருந்தது. அங்கிருந்துதான் பெட்ரோல் சொட்டியிருக்கிறது. "எத்தனால் இந்தப் பழைய ரப்பர தின்னுடும். தீப்புடிச்சிருந்தா வூடு, வண்டி, நீ, மூணும் காலி. மொதல்ல இத மாத்தணும்."

மண்ணைத் தூவிச் சிந்தியதை மூடினார். வெள்ளைப் பாயசத்தைச் சுரண்டி எடுத்தார். குழாய் போகிற பாதை முழுக்கக் கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். இரண்டு இடங்களில் பெட்ரோல் குழாய் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு போனது. அங்கே நிறுத்தி, "ம்" என்றார். பம்பின் அடியில் குனிந்து பார்த்தவர், நிமிரவே இல்லை.

"இது யாரு போட்டது?"

பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு விரல் தடிமனில் பளபளவென்று ஒரு துண்டு. எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. அங்கே முன்பு ஒரு பழுப்பு நிற பேக்லைட் கட்டை, பழைய சுவிட்சுகள் செய்கிற கெட்டி பிளாஸ்டிக், இருந்தது. போன வருஷம் அது விரிசல் விட்டது. சேலத்தில் லேத் வைத்திருக்கும் நண்பனிடம் கொடுத்து, அதே அளவில் அலுமினியத்தில் கடைந்து வாங்கினேன். மாட்டுவதற்கு முன் மூன்று நாள் கடை மேசைமேல் வைத்து, காபித்தூள் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

"நான்தான்" என்றேன். "இனிமே ஆயுசுக்கும் உடையாது."

தேசப்பன் என்னைக் கருணையோடு பார்த்தார். "நைனா, குக்கர் கைப்பிடி இன்னாத்துக்கு கறுப்பா கீது?"

"பிடிச்சா சுடாம இருக்கிறதுக்கு."

"அதயே அலுமினியத்துல செஞ்சி குடுத்தா, எங்க அத்த உன்ன இன்னா பண்ணும்?"

காபி வறுக்கிற இயந்திரத்தோடு முப்பது வருஷம் வாழ்ந்தவன் நான். அதன் கைப்பிடி எதனால் ஆனது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பம்புக்குச் சூடு ஏறக்கூடாது என்றுதான் அந்தப் பழுப்புக் கட்டையை நடுவில் வைத்திருக்கிறார்கள். நான் அதை எடுத்துவிட்டு, எஞ்சினின் கொதிப்பு ஒரு சொட்டும் வீணாகாமல் பெட்ரோலுக்குப் போய்ச்சேர ராஜபாட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஏற்காட்டின் குளிர் என் முட்டாள்தனத்தை ஒரு வருஷம் மூடிவைத்திருந்தது, வரும் வழியில் ராத்திரிக் காற்றும். ராயபுரம் ஒரே காலையில் திறந்து காட்டிவிட்டது.

"பேக்லைட்டுக்கு இப்ப எங்கே போறது?"

"அண்ணாண்ட வா, வண்டிய ஆட்டோவுல கட்டி இழுத்துகினு பூடலாம்."

காசிமேட்டில் அவருடைய பட்டறை என்பது ஒரு தகரக் கூரை, இரண்டு படகு எஞ்சின்கள், ஒரு மேசை. பழைய கரண்ட் மீட்டர் பலகை ஒன்றைத் தேடி எடுத்தார். அதே பழுப்பு நிறம். அலுமினியத் துண்டை அதன்மேல் வைத்துக் கோடு கிழித்து, ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவினார். தடிமனுக்காக இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தேய்ப்பதும் அளப்பதுமாக இரண்டு மணி நேரம். நான் "போதும்ங்க, சரியாத்தான் இருக்கு" என்று நான்கு முறை சொன்னேன். ஐந்தாவது முறை அரத்தை மேசைமேல் வைத்தார்.

"தடிமன் கொஞ்சம் கூடிச்சின்னா பம்பு இழுக்காது. கொறஞ்சிச்சின்னா பம்பு ஒடஞ்சிரும். நீ போயி எதுனா துன்னு."

நான் போய் வறுத்த நெத்திலி தின்றேன். அதில் மட்டும் என்னால் எந்தக் கேடும் வரவில்லை.

திரும்பி வந்தபோது புதுக் கட்டையைப் பொருத்தி, எஞ்சினை ஒட்டிப்போன பெட்ரோல் குழாயை விலக்கி, கிளிப் போட்டு, புதிய ரப்பரால் இணைத்திருந்தார். எக்ஸாஸ்ட் குழாயில் படகுகளுக்குச் சுற்றுகிற சூடு தாங்கும் நாடாவை வரிந்து கட்டியிருந்தார். கார்புரேட்டருக்குக் கீழே ஒரு தகரத் தடுப்பும் இருந்தது. இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

"ரோட்ல நின்னா எவனாவது தள்ளுவான். கடல்ல எவன் தள்றது? நாங்க இப்டித்தான் கட்டுவோம்."

புதன்கிழமை பன்னிரண்டு மணி. தனம்மா ஒரு சொம்பு மோரோடு முன் இருக்கையில் உட்கார்ந்தார். பின் இருக்கையில் தேசப்பன். அவரை நான் அழைக்கவில்லை. எஞ்சினில் கைவைத்தவன் முதல் முறை கடலுக்குக் கூடவே போக வேண்டும் என்பது காசிமேட்டு வழக்கமாம். வேலையில் ஏமாற்றினால் அவனும் சேர்ந்து தவிக்கட்டும் என்று யாரோ விவரமானவர்கள் வைத்த சட்டம். சேலத்தில் என் லேத் நண்பனுக்கு இந்தச் சட்டம் இருந்திருக்கலாம். எனக்கும்.

போகும் வழி சுலபமாக இருந்தது. ஒரு பக்கம் கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கற்கள், மறுபக்கம் தொழிற்சாலை மதில்கள். திருவொற்றியூர் தாண்டியதும் காற்றில் முட்டை அழுகிய வாடை. தூரத்தில் அத்திப்பட்டுப் பக்கம் புகைபோக்கிகள். முகத்துவாரத்தில் வண்டியைத் திருப்பினேன். முழங்கால் தண்ணீரில் நின்று நான்கைந்து பேர் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "எங்க அம்மா வூடு இங்கதான்" என்றார் தனம்மா. "எனக்கு மொதப் புள்ள பொறந்தது இங்க. மாட்டு வண்டியில வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "அது நிக்கல" என்றார்.

திரும்பும்போதுதான் சோதனை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. நாங்கள் அவற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். பத்தடி நகர்வதும் நிற்பதுமாக முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் லாரிகளின் அனல். ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. வெப்பமானியின் முள் மேலே ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் மட்டும் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு துடிப்பையும் எண்ணினேன். தனம்மா ஜன்னல் வழியாக மேலே அண்ணாந்து, ஒரு டிரெய்லர் டிரைவரிடம் அவர் மனைவியின் ஊர், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் விசாரித்து முடித்திருந்தார்.

தண்டையார்பேட்டை நெருங்கும்போது வரிசை திடீரென்று நகர்ந்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

எஞ்சின் சத்தம் இல்லை. பின்னால் ஹாரன்கள். நான் சாவியைத் தொடவில்லை. தொட்டால் உண்மை தெரிந்துவிடும். ரேவதியின் வீங்கிய கால்கள்தான் கண்முன் வந்தன. தனம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

பின்னாலிருந்து தேசப்பன் எட்டிப் பார்த்தார். "கிளச்ச வுட்டுட்ட நைனா."

முக்கால் மணி நேரம் கிளச்சை மிதித்து மிதித்து என் இடது கால் மரத்துப்போயிருந்தது. அது எப்போது பெடலைவிட்டு நழுவி எஞ்சினை அணைத்தது என்று எனக்கே தெரியாது. சாவியைத் திருப்பினேன். அரை நொடி. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொதித்த பெட்ரோல் அப்படிப் பிடிக்காது. அரை மணி நேரமாவது பிடிவாதம் பிடிக்கும்.

"இன்னாடா தேசி, நின்னுச்சா இல்லியா?" என்றார் தனம்மா.

"வண்டி நிக்கல அத்த. நைனா நிறுத்திட்டாரு."

தனம்மா மோரைக் குடித்து முடித்து, சொம்பைக் கவிழ்த்து ஜன்னலுக்கு வெளியே உதறினார். கல்மண்டபத்தில் இன்னொரு நெரிசல், இன்னொரு பதினைந்து நிமிஷம். பத்மினி ஓடிக்கொண்டே இருந்தது. நான் காலைப் பெடலோடு சேர்த்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ரேவதி வாசலில் நின்றிருந்தாள். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் வண்டியைப் பார்த்தாள். நான் எஞ்சினை அணைக்கவில்லை. ஓடட்டும், சாட்சியாக இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். இடது கால் தரையில் ஊன்ற மறுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி, முடிந்த அளவு கம்பீரமாகக் கேட்டேன்.

"சம்பந்தியம்மா, சொன்ன மாதிரி வெயில்ல போய் வந்துட்டோம். வண்டியில குறை ஒண்ணும் இல்லைங்களே. நாளைக்குக் காலையில பொண்ண அனுப்புவீங்களா?"

தனம்மா படியேறி, மருமகளின் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"அனுப்பறேன், தேசப்பன் ஓட்டுவான்."